நூற்றிருபது டயரும் நாகமணியும்

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் கோகிலவாணி என்று ஒரு மாணவி. மையநோக்கு விசை நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து கேட்டாள்: "சார், வண்டி வளைவுல திரும்பறப்ப ஓட்டறவங்க சாயறாங்க. பின்னாடி உக்காந்திருக்கறவங்க என்னங் சார் பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும்," என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது. பதில் சரியானதுதான். ஆனாலும் நாலைந்து நாளாக அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. அதற்காகவே இந்த நோட்டைத் தொடங்குகிறேன். எந்தப் பிரச்சினையையும் தேதி போட்டு எழுதினால் பாதி தீர்ந்துவிடும் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பிரச்சினை இதுதான். போன புதன்கிழமை தளி ரோட்டில் நானும் என் மனைவி நாகமணியும் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோம். உடுமலையிலிருந்து தளியில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்குப் புதன்தோறும் போவது நான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து வழக்கம். தென்னை நார்க் கொட்டகை தாண்டி இரண்டாவது வளைவு. வேகம் இருபதுகூட இருக்காது. விழுந்தோம் என்பதைவிட, வண்டி எங்களை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டது என்பதே சரி. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு ஒன்றும் இல்லை. வலது முழங்கால் முன்பிருந்தே அப்படித்தான்.

காரணங்களை ஆராய்ந்தேன். ஒன்று, ரோட்டில் மணல். இரண்டு, ஆடிக் காற்று. மூன்று, வண்டியின் டயர் சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி ஒல்லியாக இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியக் காரணம் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். விழும்போது நான் அவளுக்குக் காற்றாலை ஒன்றைக் காட்டி ஒரு சின்ன விஷயம் விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

நாகமணி பஸ்ஸில் போய்விட்டாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஜன்னலோர சீட்டும் கிடைக்கிறது என்றாள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஜாபர் பட்டறைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாக என் வண்டியைப் பார்ப்பவர். நல்ல கைக்காரர். என்னிடம் படிக்கவில்லை, அதனால் என் பேச்சை நடுவில் மறிப்பார்.

பட்டறை ஷட்டரில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினேன். ஒரு செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் தட்டினதும் விழும். படுக்க வைத்தால் விழாது. அகலம் என்றால் உறுதி. ஆகவே பின்னால் இப்போதுள்ள மூன்று அங்குல டயரை எடுத்துவிட்டு, பதினேழு அங்குல ரிம்மில் நூற்றிருபது மில்லிமீட்டர் டயர். முன்னால் பதினெட்டு அங்குலச் சக்கரத்துக்குப் பதில் பதினேழு. வண்டி தாழ்ந்தால் எடை தாழும், என் காலும் நன்றாகத் தரையில் ஊன்றும்.

ஜாபர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், செங்கல்லு நிக்கறதுக்குச் செஞ்சது. வண்டி சாயறதுக்குச் செஞ்சதுங். கம்பெனிக்காரன் யோசிக்காமயா ஒல்லியா வெச்சிருப்பான்?"

கம்பெனிக்காரன் லாபத்துக்காக வைத்தது என்றேன். இவ்வளவு அகலம் இந்த வண்டிக்குச் சேராது, தடி டயர் உயரமும் கூட, முன்னால் இறக்கிப் பின்னால் ஏற்றினால் தலைகுனிந்த மாடு மாதிரி நிற்கும் என்றார். மாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை என்றேன். சனிக்கிழமை வரச் சொன்னார்.

ஆகஸ்ட் 10, சனி

மாற்றியாயிற்று. பின்னாலிருந்து பார்த்தால் என் வண்டி என்றே தெரியவில்லை. ஏதோ முப்பது வயதுக்காரன் வண்டி.

அகல டயருக்கு இடம் போதாததால் செயின் கவரையும், இடது பக்கம் இருந்த ஒரு கம்பி வலை, ஒரு மிதிபலகை ஆகியவற்றையும் ஜாபர் கழற்றிவிட்டார். கழற்றும்போது என்னவோ கேட்டார். நான் டயரின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்ததால், அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். சாமான்களைச் சாக்குப் பையில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். ஒன்றே முக்கால் கிலோ. வேண்டாத சுமை. பரணில் போட்டேன்.

நாகமணி வாசலுக்கு வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். இடது பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஒருத்தர் போற வண்டியாயிருச்சு."

பாராட்டுவாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தனியாக ஓட்டிப் பார்த்தேன். நேர் ரோட்டில் நடுநிலைப் பள்ளிப் பிரேயர் வரிசை மாதிரி நேராகப் போகிறது. வளைவில் மட்டும் ஒரு சின்ன கருத்து வேறுபாடு. ஹேண்டில்பாரைத் தொட்டாலே முன்சக்கரம் திரும்பிவிடுகிறது, பின்சக்கரம் சாயவே மாட்டேன் என்கிறது. முன்பாதி கல்லூரி மாணவன், பின்பாதி தலைமையாசிரியர். நடுவில் நான்.

ஆகஸ்ட் 14, புதன்

வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி, கிளம்பலாமா என்றேன். "நீங்க வாங்க, நான் பஸ்ல போய்க்கறனுங்க," என்று பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். பயம் இன்னும் தெளியவில்லை, பாவம்.

பஸ்ஸுக்குப் பின்னாலேயே தளி வரை ஓட்டிக்கொண்டு போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வளைவுகளில் நான் எப்படித் திரும்புகிறேன் என்று பார்த்திருந்தால் நம்பிக்கை வந்திருக்கும். அவள் வேப்பமரங்களைப் பார்த்துக்கொண்டு போனாள்.

அவளுடைய அக்கா ருக்குமணி வாசலில் நின்றிருந்தார். "ஏனுங்க மாப்ள, பஸ்ஸு தொலஞ்சிரும்னு காவலுக்கு வாறீங்களாக்கும்?"

வேகமானியில் நாற்பத்திரண்டு காட்டியது. இந்த ரோட்டில் நான் நாற்பதைத் தாண்டியது இல்லை. புது டயரின் சிறப்பு என்று இரண்டு பேரிடமும் சொன்னேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றத்துக்குப் பழைய பள்ளிக்கு அழைத்திருந்தார்கள். மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒன்று உறைத்தது. வேகமானி முன்சக்கரத்தின் சுற்றை எண்ணுகிறது. சக்கரம் சிறியதானால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று. நேற்று நான் போனது நாற்பதுதான். பஸ்ஸே நாற்பதில்தானே போயிற்று.

அவர்களிடம் நாற்பத்திரண்டு என்று சொல்லியாயிற்று. திருத்தம் வெளியிடவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முன்சக்கரத்தின் துள்ளலுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். நீளக் கயிற்றில் ஆட்டுக்குட்டியை இழுத்துக்கொண்டு போனால் பின்னாலேயே நேராக வரும். கயிற்றைக் குட்டையாகப் பிடித்தால் காலுக்கு நடுவில் புகுந்து தள்ளாடும். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்ததால், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் கம்பிகள் செங்குத்தாகி, என் ஆட்டுக்குட்டியின் கயிறு குட்டையாகிவிட்டது. விரற்கடை வித்தியாசம்தான், ஆனால் ஆட்டுக்குட்டிக்குத் தெரிந்துவிட்டது.

இதை நாகமணிக்கு விளக்கினேன். புளி ஊற வைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப பழசு நல்லாத்தான இருந்துச்சுங்க?" என்றாள். அறிவியல் அப்படிப் பின்னால் போவதில்லை என்றேன்.

கால், முன்பைவிட அரை விரல்கூடத் தாழ ஊன்றவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

பஸ்.

ஆகஸ்ட் 24, சனி

பின்னால் ஆள் இல்லாமல் சோதித்ததுதான் தவறு என்று தோன்றியது. நாகமணியின் எடை அறுபத்தொன்று. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் இரண்டும், மேலே அம்மிக்குழவியும் சேர்த்தால் கிட்டத்தட்ட வரும். மூன்றையும் பின் சீட்டில் கயிறு போட்டு, எடை இருபுறமும் சமமாக இருக்கும்படி நடுவில் கட்டினேன். தெருவை நாலு சுற்று வந்தேன். அபாரம். ஒரு ஆட்டம் இல்லை. வளைவில் மட்டும் இரண்டு தடவை எதிர்வீட்டு வாசல்கோலம் வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

நாகமணி கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கினதும், இதோ பார், உன் எடையோடு எவ்வளவு நிதானமாகப் போகிறது என்றேன்.

"அரிசி கீழ விழுந்தா அள்ளிக்கலாமுங்க," என்றாள். பிறகு, "நாலு சுத்தும் பாடம் எடுத்துட்டே போனீங்களே, சிப்பம் என்ன சொல்லுச்சு?"

நான் பேசிக்கொண்டா போனேன்? எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

பஸ். மழை தூறியதால் நான் பின்னால் போகவில்லை. சாம்பாரைச் சூடு பண்ணித் தனியாகச் சாப்பிட்டேன். இருபுறமும் சமமாக இல்லாத மாதிரி இருந்தது வீடு.

செப்டம்பர் 1, ஞாயிறு

வரும் பதினொன்றாம் தேதி எங்கள் கல்யாண நாள். முப்பத்தெட்டு. புதன்கிழமையாகவே வருகிறது. அக்கா வீட்டில் விருந்து. வண்டி வாங்கியதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் வண்டியில்தான் போயிருக்கிறோம். எனக்குக் காய்ச்சல் வந்த வருஷம்கூட மாத்திரை போட்டுக்கொண்டு போனோம்.

அன்றைக்கும் அவள் பஸ்ஸில் போனால் அதன்பிறகு எப்போதும் பஸ்தான். இது கணக்கில்லை, ஆனால் எனக்குத் தெரிகிறது. பத்து நாள் இருக்கிறது.

செப்டம்பர் 2, திங்கள்

டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தேன். வண்டி சேற்றில் நடக்கும் எருமை ஆகிவிட்டது. திரும்ப அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

பஸ்ஸுக்குப் பின்னால் போனேன். இப்போது கண்டக்டர் எனக்குக் கை காட்டுகிறார்.

தளியில் ருக்குமணி அக்காவிடம், நாகமணியின் பயத்தை நீங்கள்தான் போக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவளுக்கா பயம்? அவ பயப்படறவளா இருந்தா இத்தன வருசம் உங்க பின்னாடி உக்காந்திருப்பாளா மாப்ள?" என்றார். இதில் நான் குறித்துக்கொள்ள எதுவும் இல்லை.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. இன்று நடந்ததை உள்ளபடி எழுத வேண்டும்.

புது வேட்டி கட்டிக்கொண்டு, ஜாபருக்குக் கொழுக்கட்டை எடுத்துப் போனேன். ஷட்டரில் என் சாக்பீஸ் படத்தை அவர் இன்னும் அழிக்கவில்லை. வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பதாகச் சொன்னார். பின்சக்கரத்தில் 'கர்' என்று ஒரு சத்தம் வருவதாகச் சொன்னேன். தான் ஓட்டுவதாகவும், நான் பின்னால் உட்கார்ந்து சத்தம் எங்கே என்று காது கொடுக்கும்படியும் சொன்னார்.

என் வண்டியில் பின் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. இருபது வருஷத்தில் ஒருமுறைகூட இல்லை.

காலைத் தூக்கிப் போட முடியவில்லை. வேட்டி ஒரு காரணம். முழங்கால் இன்னொரு காரணம், அதை இங்கே எழுதினால் தவறில்லை. ஆகவே நாகமணி உட்காருவதுபோல இடது பக்கம் கால் இரண்டையும் போட்டு ஒருபக்கமாக உட்கார்ந்தேன். காலை வைக்க இடம் தேடினேன். இல்லை. கால் இரண்டும் கிணற்று வாளி மாதிரித் தொங்கின. பிடிக்க ஜாபரின் சட்டைதான் இருந்தது.

ஜாபர் மெதுவாகத்தான் ஓட்டினார். பார்க் வளைவு வந்தது. யாரோ என்னைக் கேட்காமலே என்னைச் சாய்த்தார்கள். நான் சும்மா உட்காரவில்லை. சும்மா உட்கார முடியாது. இடுப்பு தானாகவே எதிர்ப்பக்கம் போகிறது, பிறகு பயந்து திரும்பி வருகிறது. அந்த நேரம் பார்த்து ஜாபர் இடது கையை எடுத்து, ரோட்டோரம் நின்ற ஒரு வண்டியைக் காட்டி, "அங்க பாருங் சார், அதுக்கும் உங்கள மாதிரியே தடி டயரு," என்றார்.

"கையை ஹேண்டில்பாரில வையுங்க," என்று கத்தினேன். முப்பது வருஷ வகுப்பறையில் அப்படிக் கத்தியதில்லை.

அப்போதுதான் வேட்டி இழுபட்டது. ஜாபர் உடனே நிறுத்திவிட்டார். புது வேட்டியின் கரையில் நாலு விரல் அகலம், மூடியில்லாத செயினுக்குள் போய்ச் சிக்கிக் கிரீஸ் மையாகிவிட்டது. நான் விழவில்லை. ஜாபர் கத்தரிக்கோல் வாங்கி வந்து நறுக்கி என்னை விடுவித்தார். பார்க்கில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"இதுக்குத்தானுங் சார் சாரி கார்டுன்னு ஒண்ணு வெக்கறது," என்றார் ஜாபர், செயினைத் துடைத்துக்கொண்டே. "கழட்டறப்பவே கேட்டனுங், அம்மா உக்காருவாங்கல்லன்னு. பாத்துக்கலாம்னு சொன்னீங்."

கம்பி வலை. மிதிபலகை. ஒன்றே முக்கால் கிலோ.

ஒரு மாதமாக அவள் உட்காரவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் உட்கார வேண்டிய இடத்தைப் பரணில் போட்டுவிட்டு.

செப்டம்பர் 8, ஞாயிறு

வேட்டியை அலமாரியில் அடியில் ஒளித்து வைத்தேன். மத்தியானத்துக்குள் துவைத்த மற்ற வேட்டிகளோடு அது கொடியில் தொங்கியது. நறுக்கிய கரை மடித்துத் தைத்திருந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

பரணிலிருந்து சாக்குப் பையை இறக்கிப் பட்டறைக்குப் போனேன். என் பழைய சக்கரம் இரண்டையும் ஜாபர் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். எப்போதென்று தெரியாது, ஆனால் வருவேன் என்று தெரியும் என்றார்.

பழைய பின்டயரைத் திருப்பிக் காட்டினார். நடுவில் பள்ளமே இல்லை. சவரம் செய்த கன்னம். "சார், அன்னிக்கே இதே சைசுல புதுசு ஒண்ணு கேட்டிருந்தா அரைமணி நேர வேலைங்," என்றார். அகலத்தை அளந்த நான் தேய்மானத்தைப் பார்க்கவே இல்லை.

பதினெட்டு அங்குலம், முன்னும் பின்னும். அதே பழைய அளவில் புது டயர். செயின் கவர், சாரி கார்டு, மிதிபலகை. கார்டின் நான்கு போல்ட்டுகளையும் நானே முடுக்கினேன். ஷட்டர் படத்தை ஈரத்துணியால் அழித்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பட்டறைப் பக்கத்துக் காலி மைதானத்தில் ஜாபரை ஓட்டச் சொல்லிப் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து ஆறு சுற்று வந்தேன். இந்த முறை பேன்ட். கால் பலகையில் நின்றது. இடுப்பு எப்போது சாய்கிறது, எப்போது நிமிர்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அது பெரிய வேலை. தேர்வு வைத்தால் நான் முப்பத்தைந்து வாங்குவேன்.

செப்டம்பர் 11, புதன்

வண்டியை வாசலில் நிறுத்தினேன். கிளம்பலாமா என்று கேட்கவில்லை. இரண்டு ஹெல்மெட்டையும் எடுத்துச் சீட்டின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

நாகமணி வந்தாள். இடது பக்கம் போனாள். சாரி கார்டைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"யாரு முடுக்குனது?"

"நான்தான்."

அதற்குப்பிறகு இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். பின்பக்கம் கொஞ்சம் அமிழ்ந்தது. நாற்பது நாளாக வண்டியில் எது சரியில்லை என்று தேடினேனோ, அது சரியானது.

தென்னை நார்க் கொட்டகை தாண்டினோம். முதல் வளைவில் கவனித்தேன். வண்டி சாயத் தொடங்குவதற்கு அரை நொடி முன்னாலேயே அவள் எடை நகர்ந்துவிட்டது. ஊஞ்சல் கயிற்றை யாரோ சரியாகப் பிடித்துவிட்ட மாதிரி வண்டி வளைந்து நிமிர்ந்தது.

"நீ சாயறயா?" என்றேன்.

"பின்ன? இத்தன வருசமா நீங்க ஒரு கையில ஊரக் காட்டிட்டே வருவீங்க. நான் சாஞ்சு குடுத்துத்தான வண்டி நின்னுது."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு, பாரு பாருன்னீங்க. பாத்தனுங்க."

இரண்டாவது வளைவு வந்தது. அந்தப் பக்கம் காற்றாலைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தது. வாயும் மூடியிருந்தது. வளைவைத் தாண்டினோம். அதற்கடுத்த வளைவையும் தாண்டினோம். முதுகில் ஒரு விரல் தட்டியது.

"ஏனுங்க, அன்னிக்கு அந்தக் காத்தாடியப் பத்தி என்னமோ சொன்னீங்களே. பாதியில நின்னுபோச்சு."

வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினேன். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு கையை நீட்டிக் காட்டி, பெரிய வட்டம் சோம்பேறியாகச் சுற்றுவதுபோலத் தெரிந்தாலும், இறக்கையின் நுனி இந்த ரோட்டில் போகும் எந்த பஸ்ஸையும்விட வேகமாகப் போகிறது என்று முழுசாக விளக்கினேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அந்த நேரம் தளி பஸ் எங்களைத் தாண்டிப் போனது. கண்டக்டர் கை காட்டினார். நாகமணியும் காட்டினாள்.

"நீங்க நாப்பத்திரண்டுல போனீங்களே, அதவிடவா?" என்றாள்.

நாற்பது என்று ஒப்புக்கொண்டேன்.

கோகிலவாணி இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. அவளுக்கு நான் சொன்ன பதில் தவறு. வண்டி வைத்திருக்கும் யார் கையிலாவது இந்த நோட்டு கிடைத்தால் அவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: டயரை மாற்றுவதற்கு முன்னால், உங்கள் வண்டியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பின் சீட்டில் உட்கார்ந்து காலி மைதானத்தில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள்.